இருபத்தேழாம் சீட்டின் அடிக்கட்டை

நாற்பது பெண்களுக்கு ஒரு அட்டை. மஞ்சள் நிறம், கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா கோத்தது. லைனின் கோடியில் ஓர் ஆணியில் தொங்கும். அதை மாட்டிக்கொண்டால்தான் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் திரும்பி வந்து ஆணியில் தொங்கவிடும் வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் அடக்கிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டிய தொழில் நகரத்தில், கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் நான் அப்போது வெல்ஃபேர் ஆபீசர். அந்த அட்டையை லேமினேட் செய்து, ஓரம் கையைக் கிழிக்காமல் வெட்டிக் கொடுத்தவளும் நான்தான். ஓரத்தை வட்டமாக வெட்டியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் படித்தது வேறு. எம்.ஏ. வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யார் யார் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்பதுதான் என் ஆய்வு. ஓட்டுக்காக, அடிமைகளின் விடுதலைக்காக, பத்து மணி நேர வேலைக்காக, பஞ்சாலையிலிருந்து குழந்தைகளை வெளியே எடுப்பதற்காக. கல்லூரி வேலைக்கு நாலு வருடம் அலைந்தேன். கிடைக்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "இன்னும் படிக்கிறியா?" என்று கேட்க ஆரம்பித்தபோது ரோஷம் வந்து, அஞ்சல்வழியில் பர்சனல் மேனேஜ்மென்ட் டிப்ளமா ஒன்றை முடித்தேன். தொழிலாளர் வரலாறு படித்தவள் தொழிலாளர்களைக் கண்காணிக்கும் வேலைக்கு வந்தேன். நேர்காணலில் என் ஆய்வைப் பற்றிச் சொன்னதும் ஜெனரல் மேனேஜர் சிரித்தார். "அப்போ அவங்க அடுத்து என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?" என்றார். நானும் சிரித்தேன். என் முதல் தப்பு எது என்று யாராவது கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

கம்பெனியில் தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கேயும் இருந்தது. மேனேஜ்மென்ட் ஒரு தாளில் பெயர்களை எழுதும், அந்தப் பெயர்க்காரர்கள் வருடத்துக்கு இரண்டு முறை வந்து கேன்டீன் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வருடம் எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்தார்கள். "இந்தப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று ஒருவர் கேட்டார். ஜெனரல் மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டே மாதத்தில் தேர்தல் நடத்திக் காட்டுகிறோம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படித்த படிப்பு ஒரு நாளாவது உதவப்போகிறது. ரகசிய ஓட்டுதான் வேண்டும், கை தூக்கச் சொல்லக் கூடாது என்று நான்தான் வாதாடினேன். அவர் ஒப்புக்கொண்டார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் பேச்சின் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும் முன்னும் பத்து நிமிடம் மீட்டிங் நடக்கும். பாதுகாப்பு உறுதிமொழியைக் கோரஸாகச் சொல்லிவிட்டு, நேற்று எத்தனை பீஸ் தவறிப்போனது என்று திட்டு வாங்கிக்கொண்டு லைனுக்குப் போவார்கள். தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரம் அந்தப் பத்து நிமிடத்தை நான் கேட்டு வாங்கினேன். பேக்கிங் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று வாய் கிழியப் பேசினேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓட்டு இருந்தவர்களும் ஒரு மேடையில் ஏறி, ஊரே பார்க்க, இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். நிலத்துக்காரரின் ஆள் கீழே நின்று குறித்துக்கொள்வான், மாற்றிப் போட்டவனுக்கு அடுத்த போகத்துக்கு நிலம் கிடையாது என்றேன். ஓட்டே இல்லாத தொழிலாளிகள் ஆறு கோரிக்கைகளை எழுதி லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதையும், அந்த மனுச் சுருள் நுழையாமல் பார்லிமென்ட் வாசல் சட்டத்தையே கழற்ற வேண்டியிருந்ததையும், அதற்குப் பிறகும் உள்ளே இருந்தவர்கள் முடியாது என்று சொன்னதையும் சொன்னேன். அந்த ஆறில் ஒன்று ரகசிய ஓட்டு. "நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு உங்க மனசாட்சியைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. அதுக்காக ஜெயிலுக்குப் போனவங்க இருக்காங்க" என்றேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு நாள் நம் செங்கல்பட்டு ஜில்லாவுக்கும் வந்தேன். அதே நூற்றாண்டின் கடைசியில், இங்கே நிலமில்லாமல் பண்ணையாளாக இருந்தவர்களின் நிலையைப் பற்றிக் கலெக்டர் ஒருவர் அறிக்கை எழுதினார், அதைத் தொடர்ந்து அவர்களுக்கென்று சர்க்கார் நிலம் ஒதுக்கியது என்று சொல்லி நிறுத்தினேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த நெலம் இப்போ யார் கைல கீது மேடம்? அத்தயும் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவள் அச்சரப்பாக்கம் பக்கத்துக் காலனியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட். ஒயர் முனைகளை அவள் கட்டும் வேகத்தில் லைனில் வேறு யாரும் கட்ட மாட்டார்கள். அந்த வருடம் எட்டுப் பேரைப் பர்மனென்ட் ஆக்குவதற்கான பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் மாதாமாதம் நிச்சயமாக வருவது. அதுவும் வருடாவருடம் புதுப்பித்தால்தான்.

மீட்டிங் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "மேடம், எங்கூர்ல எலெக்சன் முடிஞ்சா எண்ணறப்பவே சொல்லிடுவானுங்க, எந்த பூத்துல எத்தினி ஓட்டு, காலனி எவனுக்குப் போட்டுச்சுன்னு. அப்பறம் ஆறு மாசத்துக்குத் தெரு கொழாயில தண்ணி வராது. இங்க அந்த மாதிரி ஆவாதுல்ல?"

"ஆகாது" என்றேன்.

"எவனுக்கும் தெரியாது?"

"யாருக்கும் தெரியாது. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. அந்த வார்த்தையை யாரும் என் வாயில் திணிக்கவில்லை.

தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பழைய ஆள், பத்து வருடமாக மேனேஜ்மென்ட் எழுதும் தாளில் முதல் பெயர். இன்னொருத்தி லைனில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இன்னொரு மஞ்சள் அட்டை. நாற்பது பேருக்கு இரண்டு. நான் ஆறு கோரிக்கைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் கோரிக்கை அவ்வளவுதான்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டார். "சீட்டுக்கெல்லாம் சீரியல் நம்பர் போட்டுடுங்க. அடிக்கட்டைல யாரு வாங்கினாங்கன்னு டோக்கன் நம்பர் எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க. ஆடிட்டுக்குக் காட்டணும்" என்றார்.

எனக்குப் புரியாமல் இல்லை. சீட்டிலும் அடிக்கட்டையிலும் ஒரே எண் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரிந்துவிடும். நான் உடனே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சர்க்கார் ஓட்டுச்சீட்டிலும் எண் இருந்ததே, அதற்கும் அடிக்கட்டை உண்டே என்றேன். சர்க்கார் அதைக் கட்டிச் சீல் வைத்து, கோர்ட் சொன்னால் ஒழியத் திறக்காது என்ற மிச்சப் பாதியை நினைக்காமல் விட்டேன். எண் போடும் முத்திரையை நானே கடையில் போய் வாங்கி வந்தேன்.

தேர்தல் அன்று பெண்கள் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். சர்க்கார் எலெக்சன் மாதிரியே விரலில் மை வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மை இல்லை, ஸ்டோரிலிருந்து நீல மார்க்கர் எடுத்து வந்து வைத்தேன். ஒவ்வொருத்தியும் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு லைனுக்குப் போனாள். நான்கு பக்கமும் அட்டைப்பெட்டி வைத்து மறைத்த மூலை, பூட்டுப் போட்ட பெட்டி, எல்லாம் என் ஏற்பாடு. பஸ் வந்த வரிசையில் ஆட்களை விட்டோம். அச்சரப்பாக்கம் பஸ் இரண்டாவதாக வந்தது. அவளுக்கு இருபத்தேழாம் சீட்டு. அவளுக்குப் பின்னால் நின்றவருக்கு இருபத்தெட்டு. அவர் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவர், அதே பஸ்ஸில் மதுராந்தகத்தில் ஏறுவார், இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. அவரும் பர்மனென்ட் பட்டியலில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர்.

அடிக்கட்டையில் கையெழுத்துப் போடும்போது அவள் எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆடிட்டுக்காக" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்று போட்டாள்.

அட்டைக்கார அக்கா ஜெயித்துவிட்டாள். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான், ஆனால் ஜெயித்தாள். அடுத்த வாரமே ஆணியில் இரண்டாவது மஞ்சள் அட்டை தொங்கியது. அதையும் நான்தான் லேமினேட் செய்தேன். சோதனைக்காரர்கள் மறுபடி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

அவர்கள் போன மறுநாள் ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஒரு அட்டைதான, குடுத்தாச்சு. ஆனா இந்த வருஷம் பர்மனென்ட்டுக்கு எட்டு இடம் இல்லை, ஏழுதான் சேங்ஷன் ஆகியிருக்கு. ஒருத்தரை நிறுத்தணும். எட்டுப் பேருமே நல்லா வேலை பாக்கறவங்க, எப்படிப் பிரிக்கறது சொல்லுங்க? அதுல யாராச்சும் அந்தப் பக்கம் போட்டிருந்தா அவங்களை நிறுத்தறதுதான் நியாயம். நீங்களே பாத்து ஒரு பேர் சொல்லுங்க."

நியாயம் என்ற வார்த்தையை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பது இன்னும் காதில் இருக்கிறது. நான் அதைவிடச் சாதாரணமாக "சரி சார்" என்றேன்.

சீட்டுக் கட்டும் அடிக்கட்டைப் புத்தகமும் என் அலமாரியில்தான் இருந்தன. கேன்டீன் அடுப்பில் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் கரியாகியிருக்கும். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒரு மெமோ வந்திருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அடிக்கோல், ஒரு பச்சைப் பேனா சகிதம் உட்கார்ந்தேன். எட்டுத் தொழிலாளிகளின் எட்டு டோக்கன் எண்கள். ஒவ்வொன்றாகத் தேடினேன். முதல் ஆள், பழைய ஆளுக்கு. இரண்டாவது, பழைய ஆளுக்கு. மூன்றாவதும் அப்படியே. பர்மனென்ட் ஆகப் போகிற நேரத்தில் யார்தான் துணிவார்கள்? எட்டில் ஏழு பேர் பயந்து மேனேஜ்மென்ட் சொன்ன ஆளுக்கே போட்டிருந்தார்கள். என் பேச்சை ஒருத்தரும் நம்பவில்லை. ஒருத்தி மட்டும் நம்பியிருந்தாள். இருபத்தேழு.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. கணக்குப் போட்டேன். எட்டில் ஒருத்தரும் அந்தப் பக்கம் போடவில்லை என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார், புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வார். ஒரு பெயர் சொல்லிவிட்டால் கேட்க மாட்டார். எந்தப் பெயர்? இருபத்தேழுக்கு அடுத்தது இருபத்தெட்டு. என்றாவது அவர் சரிபார்த்தால்கூட, அவசரத்தில் ஒரு வரி மாற்றிப் பார்த்துவிட்டேன் சார் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த யோசனை வந்தபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. புத்திசாலித்தனமாக ஒரு ஏழையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷம். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மற்றதைச் சொல்லிக்கூட விடலாம், அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பேக்கிங்காரர் பெயரைச் சொன்னேன். "அவனா? பரம சாதுவாச்சே" என்றார் ஜெனரல் மேனேஜர். "சாதுங்களைத்தான் நம்ப முடியாது சார்" என்று நான் பதில் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அந்த மனிதர் பயந்து பயந்து மேனேஜ்மென்ட் ஆளுக்கே ஓட்டுப் போட்டவர். அவர் சீட்டு அப்போதும் என் மேசை மேல் இருந்தது.

மாதக் கடைசியில் அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. கடிதத்தைக் கொடுத்தவள் நான். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "மேடம், நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்கறேன்" என்றார். ஆர்டர் குறைந்துவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டு, போகும்போது என் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

அவள் பர்மனென்ட் ஆனாள்.

அதற்கு அடுத்த மாதம் எங்கள் கம்பெனி லைன் பெண்களை வழக்கம்போல் மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் உல்லாசப் பயணம் கூட்டிக்கொண்டு போனது. மூன்று பஸ். வெல்ஃபேர் ஆபீசர் என்பதால் தண்ணீர் பாட்டில் எண்ணுவதும் தலை எண்ணுவதும் என் வேலை. கல் ரதங்களுக்கு முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரைக்கு வந்ததும் பாதிப் பேர் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். நான் படகுகள் ஏற்றி வைத்திருந்த பக்கம் நிழலில் உட்கார்ந்தேன். அவள் ஒரு காகிதத் தட்டில் வறுத்த மீனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மீன் சாப்பிட மாட்டேன் என்பது நினைவு வந்து, "ஐயோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் எனக்கு மாங்காய்க் கீற்று வாங்கி வந்தாள்.

"மேடம், உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னிக்கு நான் அந்த அக்காவுக்குத்தான் போட்டேன். போட்டுட்டு ரெண்டு மாசம் நோட்டீஸ் போர்டையே பாத்துகினு இருந்தேன். பர்மனென்ட் போச்சுடின்னு வூட்டுக்காரரு திட்டினாரு. கடைசில பாருங்க, எவனுக்கும் தெரில! நீங்க சொன்னது நெசந்தான்."

நான் மாங்காயைக் கடித்தேன். உப்பும் மிளகாயும் கண்ணில் தண்ணீரை வரவழைத்தன. அந்தத் தண்ணீருக்கு ஒரு காரணம் கிடைத்தது சௌகரியமாக இருந்தது.

"அடுத்த எலெக்சன்ல நானே நிக்கப்போறேன்" என்றாள். "பஸ்ஸுல எல்லாத்தையும் கூட்டி வச்சு சொல்லிகினு வரேன். பயப்படாதீங்கடி, தைரியமாப் போடுங்க, மேடம் கைல கீது பொட்டி, நம்ம ஓட்டு நம்மளத் தாண்டிப் போவாதுன்னு. எல்லாம் சரின்னுட்டாளுங்க."

அவளைக் காப்பாற்றியது எனக்கும் என் மனசாட்சிக்கும் உள்ள விவகாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஒரு பஸ் நிறையப் பெண்கள் என் பெட்டியை நம்பி வரப்போகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்து எண் தேடுவேன்? சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. நல்லவளாக ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்துபோய்ச் சொன்னேன்.

எண் போட்டதைச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னேன். அவள் சீட்டு என் கையில் இருந்ததைச் சொன்னேன். "உன்னைக் காப்பாத்தணும்னுதான் வேற பேரைச் சொன்னேன்" என்று முடித்தேன். முடித்துவிட்டு, கேவலம், அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் தட்டை மணலில் வைத்தாள்.

"வேற பேருன்னா யாரு?"

நான் மாங்காய்க் கீற்றைக் காகிதத்தில் வைத்து மடித்தேன்.

"எனக்குப் பின்னாடி நின்னவரா? பேக்கிங்கா?"

தலையாட்டினேன்.

கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேலயவுட்டு நிறுத்துன அன்னிக்கு பஸ்ஸுல அழுதாரு மேடம். நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெர்லியேன்னு சொல்லிகினே வந்தாரு. நான்தான் திட்டினேன். எதுனா சொதப்பியிருப்பே அண்ணா, சும்மாவா அனுப்புவானுங்கன்னு. எல்லார் எதுருலயும் சொன்னேன்."

"அது உன் தப்பில்லை" என்றேன்.

"எம்மேல தப்புன்னு நான் சொன்னேனா?" என்று திரும்பினாள். அதுவரை அவள் என்னிடம் குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. "ஓட்டு நான் போட்டது. அதுக்கு இன்னா வருதோ அது எனக்கு வரணும். அத்தக் கொண்டுபோயி இன்னொருத்தர் தலைல கட்ட நீங்க யாரு மேடம்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்தாளக் கேட்டீங்களா?"

"உன் வேலை போயிருக்குமே."

"போயிருக்கும். எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவருக்கு அதுகூட இல்லியே."

மேடைமேல் ஏறி ஓட்டைச் சொல்ல வேண்டிய காலத்தில், நிலம் போகும் என்று தெரிந்தும் வாய்விட்டுச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி என் ஆய்வில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். அப்படி ஒருத்தி என் லைனிலேயே இருந்தபோது, அவளுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொடுத்தவள் நான். அடிமைகளுக்காக மனு எழுதிய கனவான்கள் அந்த அடிமைகளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று வகுப்பில் பெரிய கேள்வியாகக் கேட்டவளும் நான்தான்.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "திங்கக்கெழம ஷிப்ட் மீட்டிங்ல சொல்லுங்க. அதே பொட்டி மேல ஏறி நின்னு சொல்லுங்க. அவர மறுபடி எடுக்கணும்னு நாங்க கேக்கறோம். என் எடத்தக் குடுக்கறேன்." அவ்வளவுதான். தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தவர்களை நோக்கிப் போய்விட்டாள். திரும்பும்போது நான் பஸ்ஸில் தலை எண்ணினேன். அவள் தலையையும் எண்ணினேன். அவள் நிமிரவில்லை.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். வைரல் ஜுரம் என்று சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னதால் ரசம் வைத்துக் கொடுத்தார்கள், குடித்தேன்.

பத்து மணிக்கு ஜெனரல் மேனேஜர் போன் செய்தார். ஷிப்ட் மீட்டிங்கில் அவள் எழுந்து நின்று, இருபத்தேழாம் சீட்டு என்னோடது, நான் இன்னாருக்குத்தான் போட்டேன், சீட்டில் நம்பர் போட்டு யார் யாரென்று பார்த்திருக்கிறார்கள், எனக்குப் பதிலாக ஒரு மனிதரை அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாளாம். லைன் அரை மணி நேரம் நின்றதாம். அந்த ஆளைத் திரும்ப எடு என்று எல்லாரும் சேர்ந்து கேட்டார்களாம். அவசரத்தில் ஒரு வரி மாற்றிப் பார்த்துவிட்டேன் சார் என்று, முன்பே எடுத்து வைத்திருந்த சமாதானத்தைச் சொன்னேன். "பாத்தது யாருன்னு கேட்டதுக்கு மட்டும் வாயைத் தொறக்கலை. உங்க பேரு வரலை. நல்லவேளை" என்றார். எனக்கும் முதலில் தோன்றியது அதே வார்த்தைதான். நல்லவேளை.

பேக்கிங்காரரைத் திரும்ப எடுக்கவில்லை. பிறகு எங்கே வேலைக்குப் போனார் என்று நான் விசாரிக்கவில்லை. அவளை மூன்று வாரத்தில் வேறு மாநிலத்து யூனிட்டுக்கு மாற்றினார்கள். போக முடியாது என்று எல்லாருக்கும் தெரியும், மாற்றியதே அதற்காகத்தான். உத்தரவை டைப் செய்ததும் கூப்பிட்டுக் கொடுத்ததும் வழக்கம்போல் நான். நின்றபடியே படித்தாள். கையெழுத்துப் போட்டாள். போகத் திரும்பியவளை நான் நிறுத்தினேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"என் பேரை ஏன் சொல்லலை?"

உங்களைக் காப்பாற்றத்தான் என்று அவள் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டோம் என்று நாளைக்கு நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

"அத்த நான் எப்டி மேடம் சொல்றது?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. "என்னுத நான் சொல்லிட்டேன். உங்களுத நீங்கதான சொல்லணும். சொல்லுவீங்கன்னுதான் விட்டேன்."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தேர்தலையும் நடத்தினேன், எண் போடாத சீட்டில். பெண்கள் பூ வைத்துக்கொண்டு வரவில்லை. விரலை நீட்டச் சொன்னபோது எதற்கு என்று கேட்டார்கள். வேலையை விட்டபோதும் சொந்தக் காரணங்களுக்காக என்றுதான் எழுதினேன். இப்போது செங்கல்பட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வரலாறு எடுக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வந்தால் குறிப்புகளைக் கொடுத்துவிட்டு, படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

இதை எழுத இத்தனை வருடம் ஆயிற்று. எழுதி முடித்து மேலிருந்து படித்துப் பார்க்கிறேன். அவள் பெயர் இல்லை, அந்த மனிதரின் பெயர் இல்லை, கம்பெனியின் பெயர் இல்லை. அவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயரும் எங்கேயும் இல்லை.